சயனோடைப் தொடக்கத் தொகுப்பு: புட்டிகளை நம்பலாம், கடிகாரக் கணக்கை நம்ப வேண்டாம்

வீட்டிலேயே சயனோடைப் அச்சு (இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, வெயில் காட்டி, தண்ணீரில் அலசி எடுக்கும் நீல நிறப் படம்) எடுத்துப் பழக விரும்புவோருக்காக விற்கப்படும் தொடக்கத் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஏறத்தாழ நான்கு மாத காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இத்தகைய தொகுப்புகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒத்தவை என்பதால், பெயரை விட்டுவிட்டு உள்ளே உள்ள பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், இரண்டு புட்டிகளுக்காகவே வாங்கலாம். ஆனால் உடன் வரும் அக்ரிலிக் தகட்டைச் சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம். வழிகாட்டித் தாள் சொல்லும் நிமிடக் கணக்கை அப்படியே பின்பற்றவும் வேண்டாம்.

பெட்டியில் பழுப்பு நிறப் புட்டிகள் இரண்டு, அஞ்சலட்டை அளவில் பத்துத் தாள்கள், ஸ்பாஞ்சுத் தூரிகை ஒன்று, வெயில் காட்டும்போது தாளின் மேல் வைக்கத் தெளிவான அக்ரிலிக் தகடும் அடியில் வைக்க ஓர் அட்டையும், நான்கு கிளிப்புகள், ஒரு ஜோடி கையுறை, பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்ட மாதிரி நெகட்டிவ் ஒன்று, ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் வழிகாட்டித் தாள் ஆகியவை இருந்தன. முதல் புட்டியில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இரண்டாவதில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. ஒவ்வொன்றிலும் 100 மி.லி. அளவுக்கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் அளவு இதுதான். தொகுப்பைத் தயாரித்தவர்கள் இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. தூள்களும் தரமானவை. சிட்ரேட் பச்சை சாயல் கொண்ட மெல்லிய செதில்களாக இருந்தது. ஃபெரிசயனைடு தூய ஆரஞ்சுச் சிவப்புப் படிகங்களாக, நீலப் பொட்டு ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. இரண்டும் அடியில் வண்டல் தங்காமல் கரைந்தன.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இரண்டு கரைசல்களையும் சம அளவில் கலந்துதான் தாளில் பூசுகிறோம். அஞ்சலட்டை அளவுத் தாளுக்குக் கலவை ஒரு மி.லி. அளவே போதும், ஏ4 தாளுக்கு மூன்று, நான்கு மி.லி. போதும். அப்படியானால் இந்த இரண்டு புட்டிகளிலிருந்து ஏ4 அளவில் ஐம்பது அச்சுகளேனும் எடுக்க முடியும். தொகுப்பில் இருப்பதோ பத்துச் சிறு தாள்கள். புதிதாக வருபவர் அந்தப் பத்தையும் முதல் இரண்டு நாள்களிலேயே தீர்த்துவிடுவார். அவற்றில் ஆறேழு கெட்டுப்போகும். அதற்குள் சலிப்புற்றுப் பெட்டியை மூடி வைத்துவிடக்கூடாது என்பதே என் கவலை. புட்டியில் இன்னும் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது என்பதை வழிகாட்டித் தாள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

பெயரில் சயனைடு இருப்பதால் வீட்டில் இருப்பவர்கள் அஞ்சுவது இயல்பு. என் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. பொட்டாசியம் ஃபெரிசயனைடில் உள்ள சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் நச்சுத்தன்மை குறைவு. தானாகப் பிரிந்து வெளிவராது. ஆனால் வலுவான அமிலம் பட்டாலோ, கடுமையாகச் சூடாக்கினாலோ நச்சு வாயு வெளிப்படக்கூடும். எனவே குளியலறை கழுவும் அமிலத்தின் பக்கத்தில் புட்டியை வைக்கக்கூடாது; அந்த அமிலம் ஊற்றிய இடத்தில் இந்தக் கரைசலைக் கொட்டவும் கூடாது. கலக்குவதற்கெனத் தனிக் கிண்ணமும் தனிக் கரண்டியும் ஒதுக்கி, அவற்றைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். கையுறை அணிய வேண்டும். குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். தொகுப்பின் பெட்டியில் ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன எதுவும் உள்ளே இல்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. அச்சத்தைப் போக்குவதற்கு உண்மையைச் சொல்வதே நல்ல வழி.

பூசுவதற்கு முழு இருட்டறை தேவையில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மங்கலான மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் போதும். ட்யூப் லைட்டைத் தவிர்க்க வேண்டும். தொகுப்பில் வந்த ஸ்பாஞ்சுத் தூரிகையைப் பாராட்டியே ஆக வேண்டும்: கைப்பிடி மரத்தாலானது, இரும்புப் பட்டை எதுவும் இல்லை. சாதாரண ஓவியத் தூரிகையின் உலோகப் பட்டை கரைசலோடு வினைபுரிந்து தாளில் நீலப் புள்ளிகளைத் தெளித்துவிடும். தூரிகையை முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, பிறகு கலவையில் தோய்த்தால் ஸ்பாஞ்சு கரைசலை வீணாக உறிஞ்சாது. முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் இழுத்து, தேங்கி நிற்கும் துளியை விளிம்பு வழியாக வெளியே தள்ளிவிட வேண்டும். தேங்கிய இடம் காய்ந்தால் மினுமினுப்பாகத் தெரியும்; அலசும்போது அங்கே நீலம் தாளில் நிற்காமல் கரைந்து ஓடிவிடும். பூசிய தாள் எலுமிச்சை மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். அதை இருட்டான அலமாரியில் முழுவதுமாகக் காயவிட வேண்டும். விரலுக்கு ஈரம் தெரியாவிட்டாலும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிகிறதென்றால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

என் முதல் நான்கு அச்சுகளும் வெளிறிப் போயின. வழிகாட்டித் தாள் ‘வெயிலில் ஐந்து நிமிடம்’ என்கிறது. ஐந்து நிமிடம் வெயில் காட்டி அலசினேன். மஞ்சளோடு சேர்ந்து நீலமும் தண்ணீரில் போய், தாளில் நிழல் போன்ற ஒரு தடமே மிஞ்சியது. பத்து நிமிடமாக்கினேன், சற்றே தேறியது. இருபது நிமிடம் வைத்தபோதும், படங்களில் பார்த்து மனம் பறிகொடுத்த அந்த ஆழ்ந்த நீலம் வரவில்லை. கலவையில் பிழையா, தாளில் பிழையா என்று தெரியாமல் இரண்டு நாள் அல்லாடினேன். பிறகுதான் தகட்டின் மீது ஐயம் வந்தது.

ஒரே தாளில் கலவையைப் பூசிக் காயவைத்து, அதன் மூன்றில் ஒரு பகுதியைத் தொகுப்பின் அக்ரிலிக் தகட்டால் மூடினேன்; நடுப்பகுதியின் மீது பழைய புகைப்படச் சட்டகத்திலிருந்து கழற்றிய சாதாரணக் கண்ணாடியை வைத்தேன்; கடைசிப் பகுதியை மூடாமல் விட்டேன். பத்து நிமிடம் நல்ல வெயில். தகடுகளை எடுத்தவுடனேயே விடை தெரிந்துவிட்டது. திறந்திருந்த பகுதி சாம்பல் நிறமாகவும், கண்ணாடிக்கு அடியில் இருந்த பகுதி அதற்கு ஒரு படி குறைவாகவும் கறுத்திருந்தன. அக்ரிலிக்கின் அடியிலோ, தாள் இன்னும் பச்சை மாறாமல், அப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்தது போல இருந்தது. அலசிய பிறகு மூன்று பட்டைகளும் அருகருகே நின்றன: மைநீலம், அதைவிடச் சற்று இளைத்த நீலம், காலை வானத்தைப் போல வெளிறிய நீலம். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். நான்கு மாதத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த அச்சு அதுதான்.

காரணம் எளியது. சயனோடைப் பார்க்கும் ஒளி நம் கண் பார்க்கும் ஒளி அன்று. பெரும்பாலும் புற ஊதாக் கதிர். ஓவியங்களும் புகைப்படங்களும் நிறம் மங்காமல் இருப்பதற்காக, அந்தக் கதிரைத் தடுக்கும்படி செய்யப்பட்ட அக்ரிலிக் வகைகள் உண்டு. சட்டகம் போடுவதற்கு அவை நல்லவை; இந்த வேலைக்கு முற்றிலும் ஆகாதவை. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெளிவாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். தொகுப்பைக் கட்டியவர்கள் தங்கள் தகட்டை ஒரு முறை வெயிலில் வைத்துப் பார்த்திருந்தால் இது நேர்ந்திராது. எல்லாத் தொகுப்புகளிலும் இதே தகடுதான் வரும் என்று நான் சொல்லவில்லை. எது வந்தாலும் மேற்சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு தாள்தான் செலவாகும். கண்ணாடிக்கு மாறுவோர் அதன் விளிம்புகளைத் தடித்த டேப்பால் சுற்றிவிட வேண்டும்.

தகட்டை மாற்றிய பிறகும் ‘ஐந்து நிமிடம்’ என்பது சரிவரவில்லை. இந்தத் தொகுப்பின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: வழிகாட்டித் தாள் நம்மைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது, தாளைப் பார்க்கச் சொல்லவில்லை. வெயில் காலைக்கும் நண்பகலுக்கும் மாறும். மெல்லிய மேகம் கடந்தாலும் மாறும். ஆனால் தாளின் நிறம் பொய் சொல்லாது. மஞ்சள் கலந்த பச்சையாகத் தொடங்கும் தாள், முதலில் நீலப்பச்சையாகி, பிறகு கருநீலமாகி, அதையும் கடந்து வெண்கலச் சாயலுடைய சாம்பல் நிறத்துக்கு வரும். புதியவர் கருநீலத்தைக் கண்டவுடன் ‘வந்துவிட்டது’ என்று நினைத்து எடுத்துவிடுவார். நானும் அப்படித்தான் எடுத்தேன். அது பாதி வழிதான். ஏனென்றால் அலசும்போது ஒரு பகுதி நிறம் கட்டாயம் தண்ணீரில் போகும். அந்தக் கருநீலம் சாம்பலாகி, கெட்டுவிட்டதோ என்று நாம் பயப்படும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். நல்ல நண்பகல் வெயிலில் எனக்குக் கண்ணாடியின் கீழ் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகிறது. மேகமூட்டமான நாளில் அரை மணி நேரத்தைத் தாண்டியும் வைத்திருக்கிறேன்.

ஏன் சாம்பலாகிறது என்பதை அறிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும். புற ஊதாக் கதிர் பட்டதும், சிட்ரேட் உப்பில் உள்ள ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறுகிறது. அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்ய நீலம் என்ற கரையாத நிறமியை உண்டாக்கித் தாளின் இழைகளுக்குள் தங்கிவிடுகிறது. ஒளி மேலும் மேலும் படும்போது அந்த நீலத்தில் ஒரு பங்கு நிறமற்ற வடிவத்துக்குப் போய்விடுவதால்தான் இருண்ட இடங்கள் வெளுத்துச் சாம்பலாகத் தெரிகின்றன. தண்ணீரும் காற்றும் பட்டால் அது மீண்டும் நீலமாகிவிடும். ஒளி படாத இடத்தில் உப்புகள் கரையும் நிலையிலேயே இருப்பதால் தண்ணீரில் அலசப்பட்டு, தாள் வெண்மையாகிவிடுகிறது. படத்தை வெளிக்கொணரத் தனி டெவலப்பரோ, அதை நிலைநிறுத்த ஃபிக்சரோ எதுவும் வேண்டாம். பொறியியல் வரைபடங்களைப் படியெடுக்க இந்த முறை நீண்ட காலம் பயன்பட்டதற்கும், அந்தப் படிகளுக்கு ப்ளூபிரிண்ட் என்ற பெயர் நிலைத்ததற்கும் இந்த எளிமையே காரணம்.

மாதிரி நெகட்டிவை முதலில் தொடாமல், இலையிலும் இறகிலும் தொடங்குவது நல்லது என்பேன். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் இந்த முறையைக் கண்டறிந்தது 1842இல்; அதற்கு அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் என்ற பெண் தாவரவியலாளர் கரைசல் பூசிய தாளின் மீது கடற்பாசிகளை நேரடியாகப் பரப்பி, காமிரா எதுவும் இல்லாமல் அச்செடுத்து நூலாக்கத் தொடங்கினார். ஒளிப்பட முறையில் படங்கள் அமைந்த முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. அதன் கையெழுத்து வரிகளும் சயனோடைப் முறையிலேயே அச்சானவை. பழகுவதற்கும் அதே வழிதான் சிறந்தது, ஏனெனில் இலை தன் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். நான் பெரணி இலை ஒன்றைப் பறித்த கையோடு வைத்தபோது, அதன் தண்டு தாளைவிட்டு எழும்பி நின்றதால் ஒளி அடியில் நுழைந்து, விளிம்புகள் எல்லாம் புகைபோல் கலைந்தன. இலையின் ஈரம் கண்ணாடிக்கு அடியில் வியர்த்துத் தாளில் கறையும் விட்டது. அதே இலையைக் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் அழுத்திக் காயவைத்து எடுத்தபோது, சிற்றிலைகளின் பல் போன்ற ஓரம் ஒவ்வொன்றும் ஊசியால் கீறியது போல் வந்தது. மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவியதால், நரம்புகள் வெண்மையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி இளநீலமாகவும் பதிந்திருந்தன.

அலசுவதைப் பற்றி வழிகாட்டித் தாளில் ‘தண்ணீரில் கழுவவும்’ என்ற இரண்டே சொற்கள் உள்ளன. இது போதாது. தாளைத் தட்டில் அமிழ்த்தி மெல்ல அசைத்தால், பச்சை மஞ்சளாக ஒரு புகை தாளிலிருந்து கிளம்பித் தண்ணீரில் பரவும். அந்த நிறம் முற்றிலும் நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகிறது. வெண்மையான இடங்களில் மஞ்சள் மிச்சமிருந்தால், பின்னர் வெளிச்சம் பட்டு அங்கேயும் நீலம் ஏறிவிடும். தண்ணீர் காரத்தன்மை கொண்டதாக இருந்தால் நீலமே கரையத் தொடங்கும். முதல் அலசலில் சில துளி வினிகர் சேர்ப்பது இதற்கு நல்ல மாற்று, நடுநிறங்களும் கூடுதலாகத் தங்குகின்றன. நேர்மாறாக, சோப்புத் தூளோ சலவைச் சோடாவோ பட்டால் அச்சு மஞ்சளாக வெளுத்துவிடும். துணியில் அச்செடுக்க நினைப்போர் இதை மறக்கக்கூடாது.

கடைசி அலசலில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு மூடி அளவு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தாளை அதில் அமிழ்த்திப் பாருங்கள். மங்கிக் கிடந்த சாம்பல் இடங்கள் எல்லாம் கண் முன்னே, மூச்சு விடும் நேரத்தில், ஆழ்ந்த நீலமாக எழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. இதைச் செய்யாவிட்டாலும் குறைவில்லை. காற்றுப்பட்டு ஒரு நாளில் அதே நீலம் தானாக வந்துவிடும். பொறுக்க மாட்டாதவர்களுக்கும், அடுத்த அச்சுக்கு முன் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கும் பெராக்சைடு உதவும்.

தொகுப்பின் தாள்கள் சுமாரானவை. தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தால் மேற்பரப்பு பஞ்சு பஞ்சாக எழும்புகிறது. நான் பிறகு வாங்கிய, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப் பருத்தி வாட்டர்கலர் தாள், வழவழப்பான பரப்புடையது, எத்தனை அலசினாலும் அசையாமல் நின்றது. தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாள்பட மஞ்சளாகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள்கள் ஓவியத்துக்கு நல்லவை, சயனோடைப்புக்கு ஆகாதவை, அந்தக் காரத்தன்மை நீலத்தை அரித்துவிடும்.

மாதிரி நெகட்டிவ் நன்றாகவே இருக்கிறது, அடர்த்தியும் போதுமானது. ஆனால் நம் படத்தை நாமே நெகட்டிவாக்குவது எப்படி என்று ஒரு சொல்லும் இல்லை. இந்த முறையில் நெகட்டிவ் எந்த அளவோ அச்சும் அந்த அளவே, பெரிதாக்க முடியாது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, நிறங்களைத் தலைகீழாக்கி, இன்க்ஜெட் அச்சுப்பொறியில் அதற்குரிய படலத்தில் அச்சிட வேண்டும். மை பதிந்த பக்கம் தாளைத் தொடும்படி வைத்தால் கூர்மை கெடாது. அப்படி வைக்கும்போது படம் இடம்வலம் மாறிவிடும் என்பதால் முன்கூட்டியே திருப்பிவிட வேண்டும்.

கரைத்த புட்டிகளைத் தனித்தனியாக, இருட்டில் வைத்தால் பல மாதங்கள் இருக்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. சிட்ரேட் கரைசலின் மேல் மூன்றாம் மாதத்தில் பூஞ்சை படர்ந்தது. பதற வேண்டியதில்லை, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டியபின் எடுத்த அச்சில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. வடிகட்டாமல் பூசினால் மட்டும் இழை இழையாகத் தடம் விழும்.

அச்சைப் பாதுகாப்பது பற்றியும் பெட்டியில் எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பெரணி அச்சை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தேன். சில வாரங்களில் நீலம் இளைத்துவிட்டது. கழற்றி, அலமாரியில் ஒரு காகித உறைக்குள் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தபோது, இழந்த நிறத்தில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. பிரஷ்ய நீலத்தின் இயல்பு அது: வெளிச்சத்தில் மங்கும், இருட்டில் தேறும். இப்போது அதை நேர்வெயில் எட்டாத உட்சுவரில் மாட்டியிருக்கிறேன்.